கொடியில் காய்ந்த மஞ்சள் சட்டை

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். இரண்டு கரப்பந்துக் கழகங்களையும் நான்தான் வளர்த்தேன் என்று சொன்னால் அந்தக் கழகக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் போட்டுக்கொண்டு திரிந்த சட்டை ஒவ்வொன்றும் அரியாலையில் என் விறாந்தையில், என் மெசினில் பிறந்தது. தையல் விட்டுப்போனதென்று ஒன்றாவது திரும்பி வந்ததில்லை.

தையல் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்று கேட்டார்கள். எழுத்து எனக்குக் கையெழுத்து வைக்கிற அளவுக்குத்தான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கழுத்து வெட்டுவது, கை பொருத்துவது எல்லாம் உங்கள் ரீச்சர் சொல்லித் தருவா. நான் சொல்லப்போவது வேறு. இரண்டு பகுதியார் ஒரே நேரத்தில் உங்கள் வாசலில் வந்து நின்று, கொடியில் கிடக்கும் துணி யாருடையது என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பாடப் புத்தகத்தில் படம் கிடையாது.

இது எனக்கு இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் கனடாவில் இருக்கிற பேரன். போன கிழமை தொலைபேசியில் பேசும்போது ஐஸ் ஹொக்கி என்று ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு மட்டையால் அடிக்கிற ஆட்டமாம்.

"இப்ப ஆட்டம் இல்லை அம்மம்மா. கோடை. ஆனா கதைதான் கூட."

"என்ன கதை?"

"ஒரு பழைய ஆட்டக்காரர். முப்பத்தெட்டு வயசு. ஒப்பந்தம் முடிஞ்சுது. எந்த அணிக்குப் போவார் எண்டு ஊர் முழுக்கக் கதை. விமான நிலையத்திலை கண்டதாம் எண்டு ஒருத்தன். மனுசி வீடு பாக்கிறாவாம் எண்டு இன்னொருத்தன்."

"அவர் என்ன சொல்லுறார்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. எங்கயோ குளத்திலை மீன் பிடிச்சுக்கொண்டிருக்கிறாராம்."

"அவருக்கு ஆர் சேட் தைக்கிறது எண்டு விசாரி. அவளிட்டைக் கேட்டால் தெரியும்" என்றேன். பேரன் சிரித்தான். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கழகத்துக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் எழுத்து எதுவும் இருந்ததில்லை. தைப்பொங்கலன்று கழகத் தலைவர் வெற்றிலைத் தட்டில் சட்டையை வைத்துக் கொடுப்பார். வாங்கிப் போட்டால் அந்த வருடம் முழுக்க அந்தக் கழகத்தின் ஆள். பிறந்து வளர்ந்த ஊர்க்காரருக்கு இதில் பிரச்சினை இல்லை, அவர்கள் எப்படியும் தங்கள் ஊருக்குத்தான் ஆடுவார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான் கட்டில்லாதவர்கள். வந்திருக்கிற ஊருக்கு ஆடலாம், பக்கத்து ஊருக்கும் ஆடலாம், கேட்க ஆளில்லை. ஆகவே ஐப்பசி பிறந்து மைதானத்தில் வெள்ளம் ஏறிக் கொக்கு நிற்கத் தொடங்கியதும், பந்து ஓய்ந்து வாய் ஆடத் தொடங்கும். தை பிறக்கும் வரை ஓயாது. யுத்தமும் பொருள் தடையுமான அந்தக் காலத்தில் கரன்ட் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரி இல்லை, பத்திரிகை பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. மனிதர் வேறு எதைத்தான் பேசுவது?

எல்லாருடைய கண்ணும் என் விறாந்தைக் கொடியில் இருந்தது. பச்சைச் சட்டை எங்கள் அரியாலைக் கழகத்துக்கு. மஞ்சள், உரும்பிராய்ப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்கு. இரண்டும் கோதுமை மாச் சாக்கை அவித்து, சாயம் போட்டுத் தைத்தவை. எவ்வளவு அவித்தாலும் சிலரின் முதுகில் மாக் கம்பனியின் எழுத்து மங்கலாகத் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை, எதிராளியின் முதுகிலும் அதே எழுத்துத்தான்.

தருமலிங்கம் தீவுப் பக்கமிருந்து வந்தவர். தருமு என்பார்கள். வந்த புதிதில் அவர் எழும்பி அடித்தால் பந்து எங்கே விழுந்ததென்று தேடத்தான் முடியும், எடுக்க முடியாது. அந்தக் கைக்காகவே எங்கள் கழகத் தலைவர், அரிசி மில் வைத்திருந்த மனிதர், வெளிநாட்டில் இருந்த தன் தம்பியின் வெறும் வீட்டைத் தருமுவுக்கு இருக்கக் கொடுத்தார். தருமு, மனைவி, மூன்று பெண் பிள்ளைகள், ஒரு கூரை. அவர் ஆடியதற்கு வாங்கியது அந்தக் கூரை மட்டும்தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாரி. தருமுவுக்கு நாற்பது ஆகிவிட்டது. அந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தவர் தபால் கந்தர். பென்சன் எடுத்த தபால்காரர். கடிதமே வராத காலத்திலும் அவர் வீடு வீடாகப் போவதை நிறுத்தவில்லை.

"பிள்ளை, தருமுவின்ரை முழங்கால் போயிட்டுதாம்."

"ஆர் சொன்னது கந்தரண்ணை?"

"சொல்லவேணுமே? மனுசி சங்கக்கடையிலை நல்லெண்ணெய் வாங்கினவ. நான் கண்ணாலை கண்டனான்."

"சமைக்க வாங்கியிருப்பா."

"உந்த விலையிலை ஆர் சமைக்கிறது? முழங்காலுக்குத்தான்."

சந்திக் கடையில் அந்த முழங்காலை ஒரு கிழமை பிரித்து மேய்ந்தார்கள். பேசியவர்களில் பாதிப்பேர் சொந்த முழங்காலை மடித்துச் சம்மாணம் கொட்ட முடியாதவர்கள். அடுத்த கிழமை, தலைவரின் மருமகன், தங்கை மகன் ஒருவன், நன்றாக எழும்புகிறானாம், தருமுவுக்கு இந்த முறை பச்சைச் சட்டை இல்லையாம் என்றார்கள். அந்த மாரியில் வந்த கதைகளில் இந்த இரண்டும் மட்டும் உண்மை.

ஒரு நாள் மழை விட்ட நேரம் தருமு வந்தார். கையில் ஒரு துணி, மஞ்சள் சாயம் போட்ட மாச் சாக்கு.

"அக்கா, என்ரை அளவிலை ஒரு சேட் தைக்கவேணும்."

"மஞ்சளிலையோ?"

"ஓம்."

"உரும்பிராயார் கேட்டவையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா."

நான் அளவு நாடாவை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தலைவர் வந்தவர். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேணுமாம். தைக்கு முதல் சாமான் சக்கட்டையை ஒதுக்கட்டாம். எங்கை ஒதுக்கிறதெண்டு அவர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

"அதுக்கு இந்தச் சேட் என்ன செய்யும்?"

"நீங்கள் தைச்சுக் கொடியிலை போடுங்கோ. மிச்சத்தைக் கந்தரண்ணை பாப்பார்."

பிள்ளைகளே, அந்த மனிதர் மைதானத்தில் அடித்த எந்த அடியும் எனக்கு விளங்கியதில்லை. இந்த அடி விளங்கியது.

"நான் தைப்பன். தைச்ச துணி கொடியிலைதான் கிடக்கும், அது வழக்கம். ஆரும் கேட்டால் பொய் சொல்லமாட்டன். உண்மையும் சொல்லமாட்டன். சம்மதமோ?"

"அது காணும் அக்கா."

கந்தர் காலையில் வந்து பார்த்தபோது அது ஒரு மஞ்சள் சட்டை. தருமுவின் தோள் அகலம் ஊரில் வேறு எவருக்கும் இல்லை, ஆகவே கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் சந்திக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஒப்பந்தம் ஆகிவிட்டது. மத்தியானம் அதற்குள் ஒரு கல்வீடு வந்தது, நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. பின்னேரம் டைனமோ பூட்டிய சைக்கிள். மறுநாள் கந்தர் அதை எனக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.

"பிள்ளை, பசுவாம்."

"எந்தப் பசு?"

"உரும்பிராயார் தருமுவுக்குக் குடுக்கிற பசு. சிவத்தப் பசு, நெத்தியிலை வெள்ளை. ரண்டாம் கண்டு போட்டது."

"ஆர் கண்டது?"

"காணாமலோ நெத்தியிலை வெள்ளை எண்டு சொல்லுவினம்?"

அந்தக் கேள்வியோடு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

கதை போன வேகத்தில் எல்லாம் சரியாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. தலைவர் பதறிப்போய்த் தருமுவைப் பிடித்து வைப்பார் என்பது கணக்கு. தலைவரோ ரோசக்காரர். "போறவன் போகட்டும். நான் ஆரையும் காலிலை விழுந்து மறிக்கிறேல்லை" என்று மில்லில் வைத்துச் சொன்னாராம். இரண்டு நாளில் தருமு நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, சுண்ணாம்பு வந்திட்டுது."

"ஆர் கொண்டந்தது?"

"தலைவற்ரை மில் வண்டில். மூண்டு மூட்டை. வாசலிலை இறக்கிப்போட்டுப் போட்டாங்கள். மனுசி சட்டி பானை கட்டுறா. அந்தச் சேட்டை எடுத்துத் தாங்கோ, நான் போய்ப் பகிடி எண்டு சொல்லுறன்."

"சொன்னால் உம்மை ஆரும் கூப்பிடேல்லை எண்டதும் சேர்ந்தெல்லோ வெளிக்கும். பிறகு பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கிடக்கட்டும்."

"கிடந்தால்?"

"கிடந்தால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது. எடுத்தால் என்ன நடக்குமெண்டு தெரியும்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கத்தரிக்கோலை எடுத்தவள் துணியைக் கெடுப்பாள்.

அடுத்த நாள் உரும்பிராய்க் கழகத்தின் செயலாளர் சைக்கிளில் வந்தார். சின்ன வயது, படித்த பிள்ளை. மழைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

"அக்கா, எங்கடை நிறத்திலை சேட் தைக்க ஆர் சொன்னது? எங்கடை ஊரிலை தலை காட்டேலாமல் கிடக்கு. ஆர் வீட்டுப் பசு, ஆர் வீட்டுப் பசு எண்டு கேக்குதுகள்."

அதற்குள் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளின் புகை முதலில் வந்தது, அதன் பின்னால் எங்கள் தலைவர் வந்தார். செயலாளரைக் கண்டதும் அவர் முகம் சுண்டியது. தனக்கு முன்னால் வந்து நிற்கிறானே என்ற எண்ணம்.

இரண்டு பேரும் விறாந்தையில். நடுவில் கொடி. கொடியில் மஞ்சள் சட்டை. வேலிக்கு வெளியே பூவரச மரத்துக்குக் கீழே தருமு, தற்செயலாக நிற்பவரைப் போல நனைந்துகொண்டு நின்றார். அவருக்குக் கொஞ்சம் தள்ளிக் கந்தர், அவர் தற்செயல் என்று காட்டக்கூட மெனக்கெடவில்லை. மழை நேரத்தில் அந்த ஒழுங்கையில் அவ்வளவு சனத்துக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

வந்தவர் இருக்க என்னிடம் இருந்தது ஒரு கதிரை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் அதற்கு ஒரு அர்த்தம் எடுப்பார். அதில் துணிக்கட்டைத் தூக்கி வைத்தேன்.

"தங்கச்சி, உது ஆற்ரை சேட்?" தலைவர் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் தருமுவின் மூன்று பெண்களும் மாரிக்குள் தெருவில். மஞ்சள் கழகம் சொல்லித் தைத்தது என்றால், மறுக்கிறவர் முன்னாலேயே நிற்கிறார். எனக்கு மெசின் பழக்கிய மனுசி ஒன்று சொல்லியிருந்தா. துணிக்குச் சண்டை வந்தால் நீ மெசினை மிதி, சத்தம் கூடினால் அவர்கள் தங்கள் மனதில் உள்ளதை உரத்துச் சொல்ல வேண்டி வரும், உரத்துச் சொன்னதை மறுபடி விழுங்க ஏலாது என்று. அந்த மனுசி சொன்னதை நான் அதுவரை பரீட்சித்துப் பார்த்ததில்லை. மெசினில் போய் இருந்தேன். கையில் கிடைத்த சாக்குத் துண்டைக் கொடுத்து மிதித்தேன்.

"உவரையே கேளுங்கோ அண்ணை" என்றேன். "தம்பி, உது உங்கடையோ? உங்கடையெண்டால் கொண்டுபோங்கோ."

செயலாளர் சட்டையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். எங்களுடையது இல்லை என்று சொல்ல வந்த மனிதர்தான் அவர். ஆனால் பச்சைக் கழகத்தின் தலைவர் மழையில் நனைந்து தேடி வந்து, தங்கள் நிறத்துச் சட்டையை அந்தப் பார்வை பார்க்கும்போது, இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"கழக விசயம்" என்றார். "வெளியிலை கதைக்கேலாது."

தலைவருக்கு அது போதும். என் பக்கம் குனிந்து, மெதுவாக:

"தங்கச்சி, மஞ்சளுக்கு மேலை நீலம் போட்டால் பச்சை வருமெல்லோ?"

நான் மிதியைக் கூட்டினேன். "கேக்கேல்லை அண்ணை."

"பச்சை ஆக்கேலுமோ எண்டு கேட்டனான்."

"அது மஞ்சளாயே கிடக்கட்டும்" என்றார் செயலாளர். அந்த நிமிடம் வரை தருமுவை வேண்டாத மனிதர். "எங்களிட்டை அவருக்கு வீடு இருக்கு."

"அவர் வீட்டிலைதானே இருக்கிறார்" என்றார் தலைவர்.

"சுண்ணாம்பு அடிக்கவேணும் எண்டு சாமானை ஒதுக்கச் சொன்னதாக் கேள்வி" என்றேன் நான், நூலைப் பார்த்துக்கொண்டு.

தலைவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை அண்ணை. இந்த மெசின்ரை சத்தம்."

"அவர் இருக்கேக்கையே அடிக்கலாம் எண்டுறன். தருமு அந்த வீட்டிலையே இருக்கட்டும். அவர் எழும்பி அடிச்சாலும் இருக்கட்டும், அடியாட்டிலும் இருக்கட்டும்."

அது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வேலிக்கு வெளியே கந்தர் தலையை ஆட்டினார், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிய மாதிரி. நான் மிதிப்பதை நிறுத்தியிருப்பேன். செயலாளர் விடவில்லை.

"எங்கடை ஆக்கள் பசுவும் குடுக்கினம்" என்றார்.

சற்று முன்புதான் பசுவே இல்லை என்று அழாக்குறையாக வந்தவர். அவர் அதைச் சொல்லும்போது அவருக்கே அந்தப் பசு தெரிந்திருக்க வேண்டும்.

"பசு எங்களிட்டையும் இருக்கு" என்றார் தலைவர். மில்காரர், வாழ்நாளில் மாடு வளர்க்காதவர்.

வீடும் பசுவும் என்று தலைவர் வாய்விட்டபடியால், அன்று மாலை நான் அந்தச் சட்டையை நீலச் சாயத்தில் தோய்த்தேன். பச்சை வந்தது. மற்றச் சட்டைகளின் பச்சை இல்லை, வேறொரு பச்சை. பொங்கலன்று வெற்றிலைத் தட்டில் அதைத் தலைவர் கொடுத்தார், தருமு வாங்கிப் போட்டார். தலைவர் வலிகாமம் முழுக்க அலைந்து ஒரு பசுவும் கொண்டுவந்தார். கறுப்புப் பசு ஒன்று மலிவாகக் கிடைத்ததாம், சனம் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு, நெற்றியில் வெள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால், அப்படியே ஒன்று தேட வேண்டியதாகிவிட்டது. தருமு கடல்காரர். மாட்டின் எந்தப் பக்கத்தில் இருந்து பால் கறப்பது என்று தெரியாமல் முதல் நாளே உதை வாங்கினார். நல்ல வேளை, போன முழங்காலில்.

அந்த வருட ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமுவால் எழும்ப முடியவில்லை. ஆனால் அவர் கையை உயர்த்தினாலே எதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர் மறிக்க எழும்பினார்கள், அவ்வளவு கதை கேட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற மருமகன் அடித்துக்கொண்டே இருந்தான். தோய்க்கத் தோய்க்கச் சட்டையில் நீலம் கழன்று, ஆனியில் முதுகெல்லாம் மஞ்சள் வந்துவிட்டது. உரும்பிராயார் அதைக் கண்டு, "பாத்தியே, மனசு எங்களிட்டைத்தான்" என்று கைதட்டினார்கள். செயலாளர் என் வாசலுக்குப் பிறகு வந்தபோது, பசு கொடுக்கச் சம்மதிக்காத தன் கழகத்தாரைக் குறை சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை ஊர் வாசலுக்கு வர, எல்லாரும் ஒரே நாளில் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். பச்சை, மஞ்சள், மில், மெசின் எல்லாம் ஒரே வீதியில், மழையில், தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. என் மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தருமு குடும்பம் அங்கே முன்னமே வந்திருந்தது. இடம்பெயர்வதில் அவருக்குப் பழக்கம் இருந்தது. ஒரு வகுப்பறையின் மூலை, காற்றுப் படாத பக்கம், பாய் விரித்து, அடுப்புக்குக் கல்லும் வைத்தாகிவிட்டது. வெளியே மாமரத்தில் பசு.

இருட்ட முதல் தலைவர் வந்தார், மனைவி, மகள், மகளின் கைக்குழந்தையோடு. வகுப்பறைகள் நிறைந்துவிட்டன. அவர் நடைபாதையில் நின்றார். எங்கள் ஊரில் அவர் கையில் இரண்டு வீடு, ஒரு மில். அங்கே நிற்க ஒரு தூண்.

தருமு எழும்பிப் போனார். தன் மூட்டைகளை ஒதுக்கினார். பாயைப் பாதியாக மடித்தார்.

"உள்ளுக்கை வாங்கோ தலைவர்."

"தருமு, உங்களுக்கே இடம் காணாதே."

"இருங்கோ. இதுக்கு ஒருத்தரும் சுண்ணாம்பு அடிக்கமாட்டினம்."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். தருமுவின் மூத்தவள் பால் கறந்து வந்தாள், அவள் அதற்குள் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். கைக்குழந்தைக்கு எடுத்து வைத்த பிறகு மிச்சத்தில் எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணீர். ஆரோ சந்திக் கடையில் வாயால் பெற்ற பசு, அன்றைக்கு அவ்வளவு பேருக்குப் பால் கொடுத்தது.

கந்தரும் தேத்தண்ணீர்ப் பேணியோடு வந்து என் பக்கத்தில் குந்தினார். மாமரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

"நான் அப்பவே சொன்னன் பிள்ளை" என்றார். "நெத்தியிலை வெள்ளை எண்டு."

ஆகவே பிள்ளைகளே, கொடியில் எதைப் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள். வாசலில் இரண்டு பேர் நின்றால் கதிரையில் துணியை வையுங்கள். பிறகு மெசினை மிதியுங்கள்.

சரி மோனை, இவ்வளவும் காணும். எழுதினதை ஒருக்கால் வாசி பாப்பம். உரத்து வாசி. வேலிக்கு அங்காலை ஆராவது நிண்டால் அவைக்கும் கேக்கட்டும்.